பாதி நாள் வேலை, முழு நாள் பயம்

வாசகர் கேள்வி:

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வயது 38. ஷூ கம்பெனியில் 16 வருடங்களாக வேலை செய்கிறேன். ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் பிரிவில் சேர்ந்தேன், இப்போது தரம் பார்க்கும் செக்கர். போன வருடத்திலிருந்து ஆர்டர் இல்லை என்று மாதத்தில் பாதி நாட்கள்தான் வேலை கொடுக்கிறார்கள். எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த கம்பெனி பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று யாரைக் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள். கணவர் டேனரியில் இருக்கிறார், அதிகம் பேசமாட்டார். மகள் பிளஸ் டூ. "இவ்வளவு படித்து என்ன ஆகப்போகிறது அம்மா?" என்று கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை. இரவில் தூக்கம் வராமல் செல்போனைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். போர், ஆட்குறைப்பு, இனி எல்லா வேலையையும் இயந்திரமே செய்துவிடும் என்று ஒரே செய்தி. மகளிர் குழுவில் கணக்கு நோட்டு எழுதுவது நான்தான். தவணை பாக்கி நிற்பதால் கூட்டத்துக்கே போவதை விட்டுவிட்டேன். நாத்தனார் வீட்டு விசேஷத்தில் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். ஓவர்டைம் பார்க்கிறேன் என்று பொய் சொன்னேன். என்னை யாரோ ரிஜெக்ட் பெட்டியில் தூக்கிப் போட்டதுபோல் இருக்கிறது. சில நாள் விடியாமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. எனக்குத் தைரியம் வேண்டும். என்னை நானே மதிக்க வேண்டும். ஏதாவது பயிற்சி இருந்தால் சொல்லுங்கள்.

மனநல ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதையெல்லாம் பிறகு பார்ப்போம். "விடியாமலே போய்விட்டால் நன்றாக இருக்கும்" என்ற வரிக்கு முதலில் வருகிறேன். பொய் சொன்ன கதைக்கும் பயிற்சி கேட்பதற்கும் நடுவில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பலரும் இதை அப்படித்தான் சொல்கிறார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? எப்படி, எப்போது என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருக்கிறதா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடும் என்று நம் பக்கத்தில் பயப்படுகிறார்கள். கிளப்பாது. அடைத்து வைத்ததைச் சொல்ல வழிதான் கிடைக்கும்.

உங்கள் பதில் "ஆமாம்" என்றால் இந்தக் கடிதத்தை இதோடு நிறுத்திவிட்டு 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண், இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். கணவரிடமோ, நீங்கள் நம்புகிற வேறு ஒருவரிடமோ இன்றே சொல்லுங்கள். தனியாக இருக்க வேண்டாம். வேலூருக்குப் பக்கத்தில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே போகலாம்.

"அப்படியெல்லாம் இல்லை, சோர்வில் வரும் நினைப்புதான்" என்றாலும் ஒன்று கவனியுங்கள். தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு, பேச்சு வழியான சிகிச்சையும் உண்டு. நோயைக் கோழைத்தனம் என்று எண்ணிக்கொண்டு தைரியத்தைத் தேடி அலைபவர்களை நிறையப் பார்க்கிறேன், வீண் அலைச்சல். வேலூரில் உள்ள பாகாயம் என்ற பெயரைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பவர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மனநல மையம் அங்கே 1957-லிருந்து இயங்குகிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கியிருந்து சிகிச்சையில் பங்கெடுக்கும் முறையை இந்த நாட்டில் முன்னோடியாக வளர்த்த இடங்களில் ஒன்று அது. முகம் சுளிப்பவர்களுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

இனி உங்கள் கேள்வி.

பயப்படுவதால் உங்களைக் கோழை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். உங்கள் பயத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றின் மேல் 50 சதவீத இறக்குமதி வரி போட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் பல்லாயிரம் வீடுகளில் அடுப்பு எரிவது வெளிநாட்டுக் கடைகளில் விற்கும் தோலையும் ஷூவையும் நம்பித்தான். வாஷிங்டனில் ஒருவர் போடும் கையெழுத்து உங்கள் ஊருக்கு வரும் பஸ்ஸை நிறுத்திவிடக் கூடிய தொழில் இது. வரி ஏறும், இறங்கும். வாங்குகிறவர் வேறு நாட்டுக்குப் போவார், திரும்பியும் வருவார். இதைப் பார்த்துப் பயப்படாதவரைத் துணிச்சல்காரர் என்று நான் சொல்லமாட்டேன்; விவரம் தெரியாதவர் என்பேன்.

உங்களை வதைப்பது வேலை போவதுகூட அல்ல, போகுமா போகாதா என்பதுதான் என்று நினைக்கிறேன். 2016-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கணினித் திரையில் கற்களைக் காட்டி, எதன் அடியில் பாம்பு இருக்கிறது என்று ஊகிக்கச் சொன்னார்கள். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு சிறு மின் அதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்த வேளையைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதியாக இருந்த வேளையில்தான் உடலின் பதற்றம் உச்சத்தில் இருந்தது. கை வியர்ப்பதையும் கண்ணின் பாவை விரிவதையும் அளந்து சொன்னார்கள். மாதத்தில் பாதி நாள் வேலை என்று உங்களை நிறுத்தியிருப்பது சரியாக அந்த இடத்தில்தான். வேலை போனவரைவிட, போகுமோ என்று காத்திருப்பவர் அதிகம் வாடிப்போவதை என் அறையிலும் பார்க்கிறேன்.

ஆகவே முதல் பயிற்சி ஒரு கணக்கு. மூச்சுப் பயிற்சியை எதிர்பார்த்த உங்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். கம்பெனி நிலைக்குமா என்பதை நீங்களும் நானும் அறிய முடியாது. நின்றுபோனால் கைக்கு என்ன வரும், அதை வைத்து வீடு எத்தனை மாதம் ஓடும் என்பதை அறிய முடியும். அறிய முடிந்ததையும் இருட்டிலேயே வைத்திருந்தால் இரண்டு பயமும் ஒன்றாகச் சேர்ந்து பெரிதாகத் தெரியும்.

5 ஆண்டுகள் முடித்த நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிக்கொடை உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படியைக் கூட்டுங்கள். அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை செய்த ஆண்டுகளால் பெருக்குங்கள். பேச்சுக்கு 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 16 ஆண்டுகளுக்குச் சுமார் 1,10,770 ரூபாய் வரும். பி.எஃப். இருப்பு தனி, யு.ஏ.என். என்ற பி.எஃப். கணக்கு எண் இருந்தால் உங்கள் மகளே செல்போனில் பார்த்துச் சொல்லிவிடுவாள். கம்பெனியே ஆட்குறைப்புச் செய்தால் அதற்கு இழப்பீடு உண்டு: வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். ஆனால் நீங்களாக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த இழப்பீட்டைக் கேட்க முடியாது. ஆர்டர் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பும் நாட்களுக்கும் பாதிச் சம்பளம் தர வேண்டும் என்று சட்டம் சில கம்பெனிகளுக்குச் சொல்கிறது. உங்கள் கம்பெனி அதில் வருமா என்று பாருங்கள். வேலை இழந்தவர்களுக்குத் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் ஓர் உதவித்தொகைத் திட்டம் 2018-ல் தொடங்கினார்கள். இப்போதைய விதியை இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேளுங்கள். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருப்பதால், எல்லாவற்றையும் சங்கத்துக்காரர் ஒருவரிடமோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. நான் மனநல ஆலோசகர், வக்கீல் அல்ல.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். "இதில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், ஆர்டர் வந்ததும் கூப்பிடுகிறோம்" என்று யாராவது ஒரு தாளை நீட்டினால், "வீட்டில் காட்டிவிட்டு நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். சொல்லும்போது குரல் நடுங்கும். நடுங்கட்டும். நீங்கள் கேட்ட தைரியம் நடைமுறையில் இந்த அளவுள்ள ஒரு வாக்கியமாகத்தான் வந்து நிற்கும். பயம் போன பிறகு அதைச் சொல்லலாம் என்று காத்திருந்தால் கையெழுத்து ஆகிவிடும்.

பயம் சரியானது என்று சொன்னேன். ஆனால் அந்தப் பயத்தின் வால் பிடித்துக்கொண்டு ஒரு தீர்ப்பும் உள்ளே நுழைந்திருக்கிறது: "நான் ஒன்றுக்கும் உதவாதவள்." அதை என்னால் ஏற்க முடியாது. எங்கிருந்து வந்தது அது?

ஆஸ்திரியாவில் மாரியன்தால் என்று ஒரு சிற்றூர். ஊர் முழுவதும் ஒரே நூற்பாலையை நம்பி இருந்தது. 1929-ல் தொடங்கிய உலகப் பொருளாதார நெருக்கடியில் ஆலை மூடப்பட்டது. மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற மூன்று இளம் ஆய்வாளர்கள் தங்கள் குழுவோடு அங்கே சென்று, வேலையில்லாத மக்களின் அன்றாடத்தை நுணுக்கமாகப் பதிவு செய்தார்கள். நேரம் கொட்டிக் கிடந்ததே, நூலகத்தில் கூட்டம் நிரம்பியிருக்கும் என்றுதானே எண்ணுவோம்? புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துபோயிருந்தது. தெருவில் மக்கள் நடக்கும் வேகத்தைக்கூட ஜன்னலருகே நின்று அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். காலையில் எழுந்ததிலிருந்து மதியம் வரை என்ன செய்தீர்கள் என்றால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். நேற்றுவரை ஆலையில் உழைத்தவர்கள்.

யஹோடா பிற்பாடு இதை விளக்கினார். வேலை சம்பளத்தை மட்டும் தருவதில்லை. நாளுக்கு ஒரு ஒழுங்கைத் தருகிறது. வீட்டுக்கு வெளியே நாலு முகங்களைத் தருகிறது. பலர் சேர்ந்து ஒன்றைச் செய்கிறோம் என்ற எண்ணத்தையும், ஊரில் ஓர் அடையாளத்தையும் தருகிறது. உடலைச் சும்மா இருக்க விடுவதில்லை. உங்கள் கம்பெனி பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் அதைப் பிடிக்க வேண்டும் என்பதால்தான் வீடு ஒரு நேரத்துக்கு எழுந்தது. அதில் பக்கத்து இருக்கைக்காரியிடம்தான் மாமியார் கதையும் சீட்டுக் கதையும் பேசினீர்கள். பஸ் நின்றபோது இவை எல்லாம் சேர்ந்து நின்றுவிட்டன. மனிதரிடமிருந்து இத்தனையையும் ஒரே மூச்சில் பிடுங்கினால் தன்மேல் உள்ள மதிப்பு சரியத்தான் செய்யும். மாரியன்தாலில் சரிந்தது, ஆம்பூரிலும் சரிகிறது. அந்தச் சரிவை வைத்து உங்கள் தகுதியை அளக்க முடியாது.

"நான்தான் வீட்டில் ஓயாமல் வேலை செய்கிறேனே, பிறகு ஏன் இப்படி?" என்று நீங்கள் கேட்கலாம். மாரியன்தாலிலும் பெண்கள் மெதுவாக நடக்கவில்லை. சமைக்கவும் துவைக்கவும் இருந்ததே. ஆனால் வீட்டு வேலையை வேலை என்று எந்த ஊரும் கணக்கில் எழுதுவதில்லை. நீங்களும் எழுதவில்லை. கடிதத்தில் கம்பெனியில் செய்ததைச் சொன்னீர்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரு பெண்ணைப் படிக்க வைத்ததைச் சாதனைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை.

ரிஜெக்ட் பெட்டி என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே நிற்கிறேன், ஏனென்றால் அது எனக்குத் தெரிவதைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு ஷூவை நீங்கள் எப்படி ஒதுக்குகிறீர்கள்? முகம் பிடிக்கவில்லை என்றா? ஒப்புதலான சாம்பிள் ஒன்று மேஜையில் இருக்கும். தையல் கோணலா, பசை வெளியே வழிந்திருக்கிறதா, இடதுக்கும் வலதுக்கும் நிறம் ஒத்துப்போகிறதா என்று அதோடு ஒப்பிட்டுத்தான் ஒதுக்குவீர்கள். வாங்க ஆளில்லாமல் கிடங்கில் நிற்கும் நல்ல ஜோடிக்கு ரிஜெக்ட் முத்திரை குத்தமாட்டீர்கள். ஆர்டர் இல்லை என்பது வேறு, சரக்கு கெட்டது என்பது வேறு. இதைச் செக்கருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களை எந்தச் சாம்பிளோடு ஒப்பிட்டு ஒதுக்கினீர்கள்? நாத்தனார் வீட்டு விசேஷத்தில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரோடா? அவருடைய தவணை பாக்கியை நீங்கள் பார்த்தீர்களா?

இல்லாததை எண்ணிக்கொண்டே இருப்பது நம் ஊருக்கே உள்ள பழக்கம் என்று சில நேரம் தோன்றும். வேலூரைப் பற்றி வேலூர்க்காரர்களே சொல்லிச் சிரிப்பார்கள்: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று பட்டியல் நீளும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981-ல் லிங்கத்தைக் கொண்டு வந்து வைத்துவிட்டார்கள். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. ராஜா மட்டும் இன்னும் வரவில்லை. அதைப் பற்றி யாரும் வருந்துவதாகத் தெரியவில்லை. பட்டியலை மட்டும் யாரும் திருத்தவில்லை. உங்கள் பட்டியலிலும் பழையதாகிப்போன வரிகள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. பார்க்க வேண்டியவர் நீங்கள்.

சரி, மதிப்பு எப்படித் திரும்பி வரும்? கண்ணாடி முன் நின்று "நான் உயர்ந்தவள், என்னால் எல்லாம் முடியும்" என்று சொல்லச் சொல்லும் வீடியோக்கள் உங்கள் செல்போனிலும் வந்திருக்கும். எனக்கு அவற்றின் மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஜோன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 2009-ல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். "நான் அன்புக்குரியவர்" என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தபோது, ஏற்கெனவே தன்மதிப்பு குறைவாக இருந்தவர்கள், சொல்லாமல் இருந்தவர்களைவிட மனம் தாழ்ந்துபோனார்கள். நம்ப முடியாத புகழ்ச்சியை வாய் சொல்லும்போது, உள்ளே இருக்கும் குரல் அதற்கு எதிர்ச்சாட்சிகளை வரிசையாக எடுத்து வைக்கிறது. ஆகவே உங்களைப் புகழ்ந்துகொள்ளச் சொல்லப் போவதில்லை.

வேலூரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்று ஓர் இளம் மருத்துவர் இருந்தார். 1954-ல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. இனி நிற்கவே முடியாது. அந்த நிலையில் அவரிடம் போய்த் தைரியமாக இரு என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். உதவியது வேறு. அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளைச் சீர்செய்யும் அறுவையில் பெயர் பெற்றிருந்த டாக்டர் பால் பிராண்ட், கை அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று வழி காட்டினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து அந்தத் துறையையே இங்கே நடத்தினார். பாகாயத்தில் 1966-ல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரால் முடிந்தது உங்களால் முடியாதா என்று கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படிக் கேட்பது கொடுமை; அவருக்கு ஒரு பெரிய மருத்துவமனையே பக்கபலமாக நின்றது. நான் கவனிக்கச் சொல்வது நடந்த வரிசையை. தைரியம் வந்து, மதிப்பு வந்து, அதற்குப் பிறகு அவர் வேலையைத் தொடங்கவில்லை. மிச்சமிருந்த திறனுக்கு ஏற்ற ஒரு வேலையை இன்னொருவர் முன்னால் வைத்தார். மற்றவை பின்னால் வந்தன.

அப்படி ஒரு வேலை உங்களுக்காக ஏற்கெனவே காத்திருக்கிறது. குழுவின் கணக்கு நோட்டை இப்போது யார் எழுதுகிறார்கள்? கடிதத்தில் நீங்கள் சொன்னதிலேயே என்னை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி அதுதான். பத்துப் பன்னிரண்டு பெண்களின் சேமிப்பும் கடனும் உங்கள் கையெழுத்தில் இருந்தன. உங்கள் கணக்கை நம்பி வங்கி கடன் கொடுத்தது. பாக்கி வைத்திருக்கும் வெட்கத்தில் நோட்டையே கைவிட்டுவிட்டீர்கள். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். போனதும் தவணை பாக்கியை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். "எனக்கு மாதத்தில் பாதி நாள்தான் வேலை. இந்த மாதம் முழுத் தவணை கட்ட முடியாது, இவ்வளவு கட்டுகிறேன்." இந்த இரண்டு வரிகள் போதும். கதை வேண்டாம், அழுகையை அடக்கவும் வேண்டாம். அந்தக் கூட்டத்தில் ஷூ கம்பெனிக்குப் போகிற இன்னொருத்தியும் பீடி சுற்றுகிற ஒருத்தியும் இருப்பார்கள் என்பது என் ஊகம். அவர்களுக்கும் பாக்கி இருக்கும். முதலில் வாய் திறப்பவருக்காக எல்லோரும் காத்திருப்பார்கள். யாராவது முகத்தைத் திருப்பவும் கூடும், ஒருவராவது திருப்புவார். அதற்கும் ஆயத்தமாகப் போங்கள்.

தன்னம்பிக்கை எதிலிருந்து வருகிறது என்று ஆராய்ந்த ஆல்பர்ட் பண்டூரா, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவத்துக்குத்தான் முதலிடம் கொடுத்தார். தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது அடுத்தது. பிறர் சொல்லும் ஊக்கம் அதற்கும் பின்னால். அந்தக் கூட்டத்தில் முதல் இரண்டுமே கிடைக்கும். என் கடிதம் மூன்றாவது வகை; இதன் எல்லை எனக்குத் தெரியும்.

ஓவர்டைம் பொய்யைப் பற்றி நீங்கள் ரொம்ப வருந்துவதாகத் தெரிகிறது. விட்டுத் தள்ளுங்கள். விசேஷ வீட்டில் எல்லோரிடமும் குடும்ப வரவு செலவை ஒப்பிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அடுத்த முறை "ஆர்டர் குறைவு, சமாளித்துக்கொண்டிருக்கிறோம்" என்றால் போதும்.

மகளின் கேள்விதான் கடினம். பதில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லாத பதிலைச் சொல்லாமல் விட்டதே நல்லது. படித்தால் வேலை உறுதி என்று சத்தியம் செய்யாதீர்கள். அவள் உங்கள் பஸ் நின்றதைப் பார்த்தவள், நம்பமாட்டாள். அவள் கேட்டது படிப்பைப் பற்றித்தானா என்றும் எனக்குச் சந்தேகம். அம்மா இரவெல்லாம் விழித்திருப்பதைப் பார்த்துவிட்டு, நாம் தாக்குப்பிடிப்போமா என்று அந்த வயதுக்குத் தெரிந்த மொழியில் கேட்கிறாள். அதற்குப் பதில் சொல்லலாம். "எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. வேலை போனால் இத்தனை மாதம் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். உன் படிப்பு அந்தக் கணக்கில் இருக்கிறது." அம்மாவுக்குப் பயமே கிடையாது என்று நம்பி வளரும் பெண், தனக்குப் பயம் வரும் நாளில் தன்னிடம்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் கல்லூரிக்குப் போகும்போது புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பள்ளியிலேயே விசாரித்து வையுங்கள். பெரிய தொகை அல்ல. ஆனால் கணக்கில் ஒரு வரி.

செல்போனைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இரவு சாப்பிட்டதும் அதைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்து படுங்கள். எந்த நாட்டுப் போரும் இரவு பன்னிரண்டு மணிக்கு உங்கள் விழிப்பினால் நிற்கப்போவதில்லை. காலையில் படித்தாலும் அதே செய்திதான் இருக்கும். வேலை இல்லாத நாளிலும் பஸ் வந்த அதே நேரத்துக்கு எழுந்து, குளித்து, ஒரு முறை தெருவில் இறங்கி நடந்துவிட்டு வாருங்கள். தூக்கம் அதில் பாதி திரும்பும். இரண்டு வாரத்தில் திரும்பவில்லை என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கணவரைப் பற்றி ஒரே வரி எழுதினீர்கள்: அதிகம் பேசமாட்டார். டேனரியில் வேலை செய்பவருக்கும் ஆர்டர் செய்தி காதில் விழாமல் இருக்காது. "மனம் விட்டுப் பேசுங்கள்" என்று அவரிடம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். நம் பக்கத்து ஆண்கள் பலர் அப்படித்தான். அதனால் பேசக் கூப்பிடாதீர்கள், கணக்குப் போடக் கூப்பிடுங்கள். உங்கள் இருவரின் சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை, குழுக் கடன் அட்டை, நகை அடகுச் சீட்டு இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு பழைய நோட்டில் எழுதத் தொடங்குங்கள். எழுதுகிறவர் நீங்களாக இருங்கள். அவர் எண்களை வாசிக்கட்டும். முடித்த பிறகு எனக்கு எழுதுங்கள். எத்தனை மாதம் வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குறைவாக இருந்தால் அடுத்து என்ன செய்யலாம் என்று அங்கிருந்து பேசலாம்.